வெறுங்கரையின் வரலாறு: மேற்கு ஸ்கொத்லாந்துக் கடலோரமும் எழில்காண் பயணமும்

பாறை செறிந்த கடற்கரையொன்றைக் கண்டு களிப்பதற்கெனவே மக்கள் நெடுந்தூரம் பயணஞ் செய்வது வரலாற்றில் மிகப் பிந்தித் தோன்றிய வழக்கமாகும். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ஐரோப்பியப் பயண நூலார் பெரும்பாலோர்க்கு அத்தகைய கரை கப்பல் உடையும் இடமாகவும், விளைச்சலற்ற நிலமாகவும், வறியோர் ஒதுங்கி வாழும் மூலையாகவுமே தோன்றிற்று. அடுத்த ஐம்பது அறுபது ஆண்டுகளுள் அதே கரை கவிஞரும் ஓவியரும் ஈற்றில் அரச குடும்பத்தினரும் தேடிச் செல்லும் காட்சித் தலமாயிற்று. பாறைகள் இருந்தவாறே இருந்தன. பார்த்தவர் மாறினர், அக்கரையில் வாழ்ந்தோரின் நிலையும் மாறிற்று. இவ்விரு மாற்றங்களும் ஒரே காலப்பகுதியில் நிகழ்ந்தமை தற்செயலானதா என்பதை, ஸ்கொத்லாந்தின் மேற்குக் கரையையும் அதனை அடுத்த ஹெபிரிடீஸ் தீவுகளையும் சான்றாகக் கொண்டு நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். அங்கு செல்வோர்க்கு இன்றைய வழிகாட்டி நூல்கள் தவறாது சுட்டுவன மூன்று: குகை, வெளிச்சவீடு, காட்டுப்பூ. எமது ஆய்வும் அம்மூன்றையுமே பின்தொடர்ந்து செல்லும்.

மல் என்னும் பெருந்தீவின் மேற்கே, அயோனாவுக்கு வடக்கே, ஸ்டாபா என்றொரு சிறு தீவு உண்டு. அதன் பரப்பு ஏறத்தாழ 33 ஹெக்டேயர். ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன்னர் வெளிப்பட்ட எரிமலைக் குழம்பு மெல்ல ஆறி இறுகியபோது அறுபட்டைத் தூண்களாக வெடித்து உருவான தீவு இது. அத்தூண்களைக் குடைந்து கடல் ஆக்கிய பெருங்குகையே இத்தீவைப் புகழ்பெறச் செய்தது. 1772ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஐஸ்லாந்துக்குப் போகும் வழியில் இயற்கை விஞ்ஞானியான ஜோசப் பாங்ஸ் இங்கு வந்தார். அவரெழுதிய வருணனை 1774இல் தோமஸ் பெனன்ற் வெளியிட்ட பயண நூலில் இடம்பெற்றது. இத்தூண்களின் முன் மனிதர் கட்டிய தேவாலயங்களும் மாளிகைகளும் வெறும் விளையாட்டுப் பொருள்களே என்பது அவ்வருணனையின் சாரம். பாங்ஸ் சென்ற வேளையில் அத்தீவில் ஒரு குடிசை இருந்தது. குடிசையிற் படுத்தெழுந்த பாங்ஸ் மறுநாட் காலை தம் உடலிற் பேன் ஊர்வதைக் கண்டு வீட்டுக்காரனிடம் முறையிட்டார் என்றும், அவற்றை இங்கிலாந்திலேயே விட்டு வந்திருக்கலாமே என அவன் பதிலிறுத்தான் என்றும் ஒரு கதை வழங்கி வந்தது. நடந்ததோ இல்லையோ, இக்குகையைப் பற்றி எழுதப்பட்ட பெருந்தொகையான பக்கங்களுள் அத்தீவின் குடியானவன் ஒருவன் வாய்திறந்து பேசும் அரிய இடங்களுள் இது ஒன்று என்பதனாலேயே இங்கு குறிக்கிறோம்.

குகையின் பெயரும் ஆராயத்தக்கது. கேலிக் மொழியில் அதற்கு இன்னிசைக் குகை எனப் பொருள்படும் பெயர் உண்டு. தூண்களினூடே அலை புகுந்து எழுப்பும் ஓசையால் வந்த பெயர் அது. பாங்ஸின் குழுவினர்க்கு வழிகாட்டி சொன்னது பின் என்னும் பழைய வீரனின் பெயராக ஒலித்தது. பின் என்பவன் பிங்கால் ஆனான். குகை பிங்காலின் குகை ஆயிற்று. பாங்ஸின் செவி அவ்வாறு கேட்பதற்கு ஆயத்தமாக இருந்தமைக்குக் காரணம், அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் வெளிவந்து ஐரோப்பா முழுவதையும் ஆட்கொண்ட ஒரு நூற்றொகுதியாகும்.

ஜேம்ஸ் மக்பேர்சன் 1760இல் பழங்கவிதைத் துண்டுகள் எனச் சிலவற்றை வெளியிட்டார். 1761ஆம் ஆண்டின் முடிவில் பிங்கால் காவியமும், 1763இல் தெமோரா என்பதும் வந்தன. இவை மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒசியன் என்னும் பாணனின் பாடல்களின் மொழிபெயர்ப்புகள் என அவர் கூறினார். 1773இல் ஹெபிரிடீஸ் சென்று திரும்பிய சாமுவேல் ஜோன்சன் இவற்றை மோசடி என்று வெளிப்படையாகவே சாடினார். இன்றைய ஆய்வாளர் அவ்வளவு எளிதில் தீர்ப்பளிப்பதில்லை. மக்பேர்சனிடம் உண்மையான கேலிக் கதைப்பாடல்கள் இருந்தன. அவற்றைத் தாம் விரும்பியவாறு வெட்டியும் ஒட்டியும் பெருக்கியும் காவியமாக்கினார். வாய்மொழிப் பாடலின் இயல்பு யாது, பாணர் மரபு எங்ஙனம் கையளிக்கப்பட்டது என்னும் வினாக்கள் ஐரோப்பாவில் வலுப்பெறுவதற்கு இவ்விவாதமும் ஒரு காரணமாயிற்று. ஐரிசு, வேல்சு வீரப்பாடல்களோடு சங்கப் பாடல்களை ஒப்பிட்டுக் கைலாசபதி 1968இல் வெளியிட்ட ஆங்கில நூலைப் பயின்றோர்க்கு அவ்வினாக்களின் பயன் தெரியாததன்று.

எமக்கு இங்கு முக்கியமானது மக்பேர்சனின் நேர்மையன்று, அவர் வரைந்த நிலக்காட்சியாகும். 1746இல் கலொடன் போர்க்களத்தில் மலைநாட்டுப் படை முறியடிக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து ஆயுதமும் மரபுடையும் தடைசெய்யப்பட்டன. குலத்தலைவர் தம் குடிகள்மீது செலுத்திவந்த பரம்பரை நீதி அதிகாரம் சட்டத்தால் நீக்கப்பட்டது. படைதிரட்டும் வலுவை இழந்த தலைவனுக்கு ஆட்பலத்தால் இனிப் பயனில்லை. நிலத்தின் வருவாயே பயன். ஒரு தலைமுறைக்குள் தலைவன் காணிச் சொந்தக்காரனானான், இனத்தான் குத்தகைக்காரனானான். இந்த மாற்றத்தின் நடுவில், தோல்வியைக் கண்ட சிற்றூரொன்றில் வளர்ந்த மக்பேர்சன் எழுதிய ஒசியன் உலகில் வாழ்வோர் இல்லை. மூடுபனி உண்டு, பாழ்பட்ட கோட்டை உண்டு, ஆவிகள் உண்டு, தன் இனத்தில் எஞ்சிய கடைசி ஆளாகிய குருட்டுக் கிழவன் உண்டு. உழுபவனோ வலை வீசுபவனோ இல்லை. கரை உண்மையில் வெறிதாவதற்கு முன்னரே இலக்கியத்தில் அது வெறிதாக்கப்பட்டுவிட்டது.

மக்பேர்சனின் பிற்கால வாழ்வை இலக்கிய வரலாற்றாசிரியர் பெரும்பாலும் அடிக்குறிப்புக்குத் தள்ளிவிடுவர். தமிழ் வாசகர் அதை அவ்வாறு தள்ளிவிட முடியாது. 1780இல் அவர் கோர்ன்வால் பகுதியிலுள்ள கமல்வேர்ட் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். அதே காலத்தில் ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலியின் இலண்டன் முகவராக ஊதியம் பெற்றார். அவருக்கு முன் அந்த அலுவலைப் பார்த்தவர் ஸ்கை தீவினரான ஜோன் மக்பேர்சன். இவரே 1785இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் விலகியபின் தற்காலிக ஆள்பதி நாயகமாக இருந்தவர். நவாபின் கடன் என்ற பெயரில் கருநாடகத்துக் குடியானவரின் விளைச்சலை முன்கூட்டியே கடன்காரர் பங்கிட்டுக்கொண்ட கதையை எட்மண்ட் பேர்க் 1785இல் நாடாளுமன்றத்தில் விரித்துரைத்தார். ஆர்க்காட்டிலிருந்து சென்ற பணமும் சேர்ந்தே மக்பேர்சன் தம் ஊரில் வாங்கிய நிலமும் எழுப்பிய மாளிகையும் ஆயின. அவர் 1796இல் இறந்து, தம் சொந்தச் செலவில் வெஸ்ற்மின்ஸ்ரர் தேவாலயத்தில் அடக்கம் பெற்றார். அழிந்த இனத்துக்காக அழுத பாணனின் வாழ்வு எத்தகைய செல்வத்தில் முடிந்தது என்பதை அறிந்து வைத்துக்கொள்வது நல்லது.

பாங்ஸுக்குப் பின் வந்தோரின் பட்டியல் நீண்டது. பிரெஞ்சுப் புவியியலாளர் போஜா த சென்-பொன் 1784இல் வந்தார். அப்போது தீவில் பதினாறு பேர் இருந்தனர். நூற்றாண்டின் முடிவையொட்டி அவர்களும் வெளியேறினர். வோல்டர் ஸ்கொட் 1810இலும் 1814இலும் வந்தார். கீற்ஸ் 1818இல் வந்தார். ஜேர்மன் இசையறிஞர் மெண்டல்சன் 1829 ஓகஸ்டில் வந்து கடல்நோயால் வாடினார். ஹெபிரிடீஸ் எனப் பெயர்பெற்ற அவரது இசைப்படைப்பின் தொடக்கப்பகுதியை ஸ்டாபாவைப் பார்ப்பதற்கு முந்திய நாளே கடிதத்தில் எழுதிவிட்டார். காட்சிக்கு முன்னரே உணர்ச்சி அமைந்துவிட்டமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. இதனாற் படைப்பு பொய்யாகிவிடாது. கலையின் சமூக வேரைக் காட்டிவிட்டால் கலையையே தள்ளிவிடலாம் எனக் கருதுவோர் எம்மிடையேயும் உளர். அவர்களது வழியை நாம் பின்பற்றவில்லை. ஓவியர் டேணர் 1831இல் சென்று மறு ஆண்டு காட்சிக்கு வைத்த ஓவியத்தைப் பாருங்கள். அதில் குகை ஏறத்தாழத் தெரியாது. புயல் வானத்தின் கீழ் நீராவிக் கப்பலொன்று கரும்புகை கக்கிச் செல்கிறது. எழில்காண் பயணத்தை இயலச் செய்தது எது என்பதை மறைக்காமற் காட்டிய முதற் கலைஞருள் ஒருவர் அவர். கிளைட் ஆற்றில் 1812இல் ஓடத் தொடங்கிய நீராவிப் படகுகள் சில ஆண்டுகளில் மேற்குக் கரையை எட்டின. 1833இல் வேர்ட்ஸ்வேர்த் வந்தபோது குகையில் அமைதியாக நிற்க விடாத கூட்டத்தையே கண்டார். அக்கூட்டத்தோடு அதே கப்பலில் வந்தவர் தாமும் என்பது அவருக்கு உறைத்ததாகத் தெரியவில்லை. தோமஸ் குக் 1846இலிருந்து ஸ்கொத்லாந்துக்குச் சுற்றுலாக் குழுக்களை அழைத்து வந்தார்.

இனி, கப்பலின் மேற்றளத்தில் நின்றோர் காணாத, அல்லது கண்டும் எழுதாத கரைக்கு வருவோம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்ததன் தொடக்கத்திலும் இக்கரை பிரித்தானிய உற்பத்தியின் பகுதிகளுள் ஒன்றாய் இருந்தது. கண்ணாடிக்கும் சவர்க்காரத்துக்கும் வேண்டிய காரம் கடற்சாதாளையை எரித்துப் பெறப்பட்டது. கோடை மாதங்களில் ஆணும் பெண்ணும் சிறுவரும் வற்றுநீரில் இடுப்பளவு நின்று அரிவாளால் சாதாளை அறுத்தனர். கரையேற்றி உலர்த்திக் கற்குழிகளில் இட்டு எரித்தனர். ஒரு தொன் சாம்பற் கட்டி பெற ஏறத்தாழ இருபது தொன் ஈரச் சாதாளை வேண்டும். நெப்போலியனோடு நிகழ்ந்த போர்களால் ஸ்பானியக் காரம் வருவது தடைப்பட, ஒரு தொன்னின் விலை 1810 அளவில் இருபது பவுணை எட்டியது. வேலை செய்தோர்க்குக் கிடைத்தது அதில் இரண்டு மூன்று பவுணே. எஞ்சியது காணிச் சொந்தக்காரனுக்கு. சாதாளை வளரும் பாறையும் அவனுடையது எனச் சட்டம் கூறிற்று.

ஆதலால் அக்காலத்தில் ஆள்கள் வேண்டியிருந்தனர். உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளைச் செம்மறிப் பண்ணைகளுக்கு விட்டுக் குடிகளைக் கரைக்குத் தள்ளினர். கரையில் அவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்ட துண்டு நிலங்கள் ஒரு குடும்பத்தின் வயிற்றுக்குப் போதாதவாறே அளக்கப்பட்டன. போதாவிடிற்றான் குத்தகைப் பணத்துக்காகச் சாதாளை எரிக்க வருவர். ஜேம்ஸ் ஹண்டர் 1976இல் வெளியிட்ட நூல் இதனைத் தெளிவாக எடுத்துக்காட்டியது. அமெரிக்காவுக்குக் கப்பலேற முனைந்தோரைத் தடுக்க 1803இல் பயணிகள் கப்பற் சட்டம் வந்தது. பயணிகளின் உடல்நலமே அதன் நோக்கம் எனக் கூறப்பட்டது. பயணக் கட்டணம் உயர்ந்து ஏழைகள் கரையிலேயே தங்கியது அதன் விளைவு. போர் முடிந்தது. 1820களில் ஸ்பானியக் காரத்தின்மீதும் உப்பின்மீதும் இருந்த தீர்வைகள் குறைந்தும் நீங்கியும் போக, தொழிற்சாலையில் உப்பிலிருந்தே காரம் செய்யும் முறையும் பரவிற்று. சாதாளைச் சாம்பலின் விலை ஐந்து பவுணுக்கும் கீழே இறங்கியது. நேற்றுவரை ஊரைவிட்டுப் போகக்கூடாதென்று தடுக்கப்பட்டவர் இன்று மிகையான மக்கட்டொகை எனப்பட்டனர். மக்கள் பெருக்கமும் மண்ணின் வறுமையுமே வெளியேற்றத்துக்குக் காரணமென வாதிடும் வரலாற்றாசிரியர் இன்றும் உளர். அப்பெருக்கத்தைக் கரையில் திட்டமிட்டுக் குவித்தவர் யார் என்ற கேள்வியை அவர்கள் தொடங்கும் இடத்துக்கு முன்னாற் கேட்க வேண்டும்.

ஸ்டாபாவுக்கு அருகே, மல் தீவை ஒட்டிக் கிடப்பது உல்வா. ஸ்கொட்டை 1810இல் விருந்தோம்பி ஸ்டாபாவுக்கு அழைத்துச் சென்ற மக்டொனால்டின் நிலம் அது. சாதாளை வருவாயை நம்பிச் செலவு செய்து முறிந்த குடும்பங்களுள் அவரதும் ஒன்று. 1835இல் ஸ்ரேர்லிங் நகர வழக்கறிஞரான பிரான்சிஸ் வில்லியம் கிளாக் உல்வாவை வாங்கினார். 1837இல் அங்கு 604 பேர் வாழ்ந்தனர். 1848இல் 150 பேரே எஞ்சினர். இது ஸ்டாபாவுக்குச் செல்லும் கப்பல்களின் பார்வைக்கெட்டிய தூரத்தில், அவை கோடைதோறும் போய்வந்த பதினோராண்டுகளில் நிகழ்ந்தது. உல்வாவிலிருந்து முன்னரே புறப்பட்டவரும் உண்டு. டேவிட் லிவிங்ஸ்ரனின் பாட்டனார் 1792இல் தீவைவிட்டுப் பிளன்ரயர் பருத்தியாலையை நாடிச் சென்றார். பேரனும் சிறுவயதில் அதே ஆலையில் வேலைசெய்தவரே. உல்வாவிற் பிறந்தவரெனக் கூறப்படும் லக்லன் மக்குவாரி படையிற் சேர்ந்து, 1796இல் டச்சுக்காரரிடமிருந்து இலங்கையின் கரையோரத்தைக் கைப்பற்றிய நடவடிக்கையிற் பங்குகொண்டு, பின்னர் நியூ சவுத் வேல்ஸ் ஆளுநரானார். தன் ஊரின் கரையில் நிற்க இடமில்லாதவன் பிறர் கரைகளைப் பிடிக்கச் செல்வது ஏகாதிபத்திய வரலாற்றின் வழக்கமான காட்சி.

1846இல் உருளைக்கிழங்கு அழுகியது. மேற்குக் கரைச் சிறுகுடிகளுக்கு அதுவே முதன்மை உணவு. மறு ஆண்டு ஓகஸ்டில் விக்டோரியா அரசியார் கணவரோடு அரச கப்பலில் ஸ்டாபா வந்து குகையைக் கண்டு மகிழ்ந்தார். நிவாரணத்தைத் திறைசேரியின் சார்பில் மேற்பார்வை செய்தவர் சார்ள்ஸ் திரவெலியன். ஐரிசுப் பஞ்சத்தின்போதும் அவரே, பின்னர் 1859இல் சென்னை ஆளுநராக வந்தவரும் அவரே. வேலை செய்யாது உணவு பெறுவது ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்பது அவரது கொள்கை. ஒரு நாள் முழுவதும் வேலை செய்த ஆண்மகனுக்கு ஏறத்தாழ ஓர் இறாத்தல் மா என்ற அளவு நடைமுறைக்கு வந்தது. அந்த மாவுக்காகப் பட்டினி கிடந்தோர் வெட்டிய வீதிகள் இன்னும் உள்ளன. வடமேற்கில் டண்டொனல் அருகே செல்லும் வீதிக்கு வறுமை வீதி என்றே பெயர். 2015இலிருந்து வடகரை ஐந்நூறு என்ற பெயரில் விளம்பரப்படுத்தப்படும் சுற்றுலாப் பாதையில் அதுவும் ஒரு பகுதி.

வெளிச்சவீடுகளின் கதை வேறுவகையில் கற்கத்தக்கது. வட வெளிச்சவீட்டு வாரியம் 1786இல் அமைந்தது. கப்பலின் கொள்ளளவுக்கேற்ப அறவிட்ட கட்டணமே அதன் வருவாய். கிளாஸ்கோவுக்குச் சீனியும் புகையிலையும் பருத்தியும் ஏற்றிவந்த கப்பல்களே அவ்வொளியை வேண்டி நின்றன. 1814ஆம் ஆண்டு கோடையில் வாரிய ஆணையாளரும் பொறியியலாளர் றொபேட் ஸ்ரீவன்சனும் சென்ற ஆய்வுப் பயணத்தில் ஸ்கொட்டும் விருந்தினராகச் சென்றார். அவரது முதல் நாவலான வேவர்லி வெளிவந்து ஒரு மாதங்கூட ஆகவில்லை. அப்பயணத்தில் அவர் சதர்லாந்தின் வடகரையில் ஸ்மூ குகையைப் பார்த்தார். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், ஜூனில், அதே வடகரையின் கிழக்கே ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் பற்றிக் செலர் என்பவனின் ஆள்கள் குடிகளை வெளியேற்றி வீடுகளின் கூரைகளுக்குத் தீயிட்டிருந்தனர். பின்னர் தெற்கே எக் தீவில், 16ஆம் நூற்றாண்டில் பகைக்குலத்தாராற் புகையூட்டிக் கொல்லப்பட்டோரின் எலும்புகள் கிடந்த குகைக்குட் புகுந்து ஸ்கொட் ஒரு மண்டையோட்டை எடுத்து வந்தார். மாலுமிகள் அதனை அபசகுனமெனக் கருதினர். இரு நூற்றாண்டுப் பழைய கொலையில் அவருக்கிருந்த ஈடுபாடு, இரு மாதப் பழைய தீயைக் காணாமற் போய்விட்டது. ஸ்கொட் மனிதநேயமற்றவர் என்பது எம் கருத்தன்று. பழைமையை நேசிக்கவும் நிகழ்காலத்தை முன்னேற்றமென ஏற்கவும் அவரை ஒருங்கே அனுமதித்த வர்க்க நிலை அது. அவரது நாவல்களின் வலிமையும் அம்முரண்பாட்டிலிருந்தே பிறந்தது.

அதே பயணத்தில் அவர்கள் டைரீ தீவுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 19 கிலோமீற்றர் தொலைவில் அலை மூடும் ஸ்கெரிவோர் பாறையிலும் இறங்கினர். அங்கு வெளிச்சவீடு எழ முப்பதாண்டு சென்றது. றொபேட்டின் மகன் அலன் ஸ்ரீவன்சன் 1838இல் வேலை தொடங்கினார். தொழிலாளர் தங்குவதற்கென முதலாண்டில் அமைத்த மரக்கட்டடத்தை நவம்பர்ப் புயல் அடியோடு கொண்டுபோயிற்று. மல் தீவில் வெட்டிய கருங்கற்கள் டைரீயின் ஹைனிஷில் செதுக்கிப் பொருத்திப் பார்க்கப்பட்டு, அமைதியான கோடை நாள்களில் மட்டும் பாறைக்கு ஏற்றப்பட்டன. ஏறத்தாழ 4,300 தொன் கல். 48 மீற்றர் உயரம். 1844 பெப்ரவரி முதலாம் நாள் விளக்கு எரிந்தது. மனித உழைப்பின் மாண்பைக் காட்டும் கட்டடங்களுள் இது ஒன்று என்பதில் ஐயமில்லை. எத்தனையோ மாலுமிகளின் உயிரை இது காத்தது. ஆயினும் டைரீயின் கரையில் நின்று பார்ப்போர்க்கு அதே ஆண்டுகளின் வேறொரு கணக்கும் தெரியும். 1831இல் 4,400க்கு மேற்பட்டோர் வாழ்ந்த அத்தீவில் 1881இல் 2,700 பேர் அளவிலேயே இருந்தனர். ஆர்கைல் பிரபுவின் நிலம் அது. பெருந்தொகையினர் கனடாவுக்குக் கப்பலேறினர். அவர்கள் ஏறிச் சென்ற கப்பல்களுக்கும் ஸ்கெரிவோரின் ஒளி பொதுவானதே.

குடும்பத்தின் மூன்றாந் தலைமுறையினரான றொபேட் லூயி ஸ்ரீவன்சன் 1870இல் பொறியியல் மாணவராக, டூ ஹாட்டாக் வெளிச்சவீட்டுக்குக் கற்கள் செதுக்கப்பட்ட எரெய்ட் தீவில் சில வாரம் தங்கினார். பொறியியலைக் கைவிட்டு எழுத்தாளரான பின், 1886இல் வெளிவந்த கிட்நாப்ட் நாவலில் கதைத்தலைவனை அதே தீவிற்றான் ஒதுக்கினார். வற்றுநேரத்தில் நடந்தே கடக்கக்கூடிய தீவு என்பது தெரியாமல் அவன் சிப்பி தின்று நடுங்கிக் கிடக்கிறான். கடந்து போகும் மீனவர் கேலிக்கிற் கூவிச் சிரிக்கின்றனர். கரையை அறியாதவனுக்கே அது வெறுங்கரை. நாவலாசிரியர் விரும்பிச் சொன்னாரோ இல்லையோ, இப்பகுதியில் அவ்வுண்மை வெளிப்பட்டு நிற்கிறது.

பூக்களையும் சிறிது நோக்குவோம். டைரீயிலும் ஏனைய தீவுகளின் மேற்குப் புறத்திலும் சிப்பித்தூள் கலந்த மணற்சமவெளி உண்டு. கேலிக் மொழியில் மக்கர் என்பர். ஜூன், ஜூலையில் அது மஞ்சளும் செம்மையும் ஊதாவுமாகப் பூத்துக் கிடக்கும். காட்டுப்பூவெளி என வழிகாட்டி நூல்கள் வருணிக்கும் இது காடன்று. தலைமுறை தலைமுறையாக மக்கள் புயலுக்குப் பின் ஒதுங்கிய சாதாளையை அள்ளி அதற்கு உரமிட்டனர்; இரண்டொரு ஆண்டு உழுது வாற்கோதுமையோ ஓட்ஸோ விதைத்துப் பின் தரிசாக விட்டனர்; கோடையில் ஆடுமாடுகளை மலைக்கு ஓட்டிப் பனிக்காலத்தில் இங்கு மேயவிட்டனர். உழுததால் ஒருவகைப் பூ, தரிசு விட்டதால் இன்னொருவகைப் பூ, கோடையில் மேய்ச்சல் இல்லாமையால் யாவும் விதைமுற்றும் வாய்ப்பு. உழவு நின்ற இடங்களிற் பூ வகைகள் குறைவதைச் சூழலியலாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். சதர்லாந்தின் வடகரையில் வளரும் சின்னஞ்சிறு ஊதாநிறச் செடியான ஸ்கொத்லாந்துப் பிறிமுலாவும் கால்நடை மேய்ந்து குட்டையான புல்லிலேயே நிலைக்கும். அது பூக்கும் பெற்றிஹில் ஊர், ஸ்ட்ராத்நேவரிலிருந்து துரத்தப்பட்டோர்க்கு ஒதுக்கிய கரைத்துண்டில் எழுந்து, துரத்திய சீமாட்டி எலிசபெத்தின் பெயரையே தாங்கியுள்ளது. மூலதனம் முதற்பாகத்தில் மார்க்ஸ் இவ்வரலாற்றை விரித்தெழுதினார்: 1814 முதல் 1820 வரை ஏறத்தாழ 3,000 குடும்பங்களைச் சேர்ந்த 15,000 பேர் அகற்றப்பட்டனர், அவர்களுக்குக் கடலோரத்தில் குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் வீதம் விடப்பட்டது, 1825அளவில் அவர்தம் இடத்தில் 131,000 செம்மறிகள் நின்றன. மீன்பிடித்துப் பிழைக்க அவர்கள் கற்றுக்கொண்டபின், மீன்வாடை பிரபுக்களின் மூக்கை எட்ட, கரையும் இலண்டன் மீன் வணிகர்க்கு விடப்பட்டது என்பதையும் அவர் கசப்போடு குறிக்கிறார்.

இக்கரையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்டவற்றை மட்டும் படிப்போர் கேலிக் மக்கள் தம் நிலத்தின் அழகை உணராதிருந்தனர் என எண்ணக்கூடும். கேலிக் கவிதை அதற்கு மாறான சான்று தருகிறது. ஐலா தீவினரான வில்லியம் லிவிங்ஸ்ரன் (1808–1870) கவிஞனுக்கு அனுப்பும் செய்தியாகப் பாடிய பாடலில் காலை ஒளி, மலை, ஓடை, கடல் யாவும் குறைவின்றி வருகின்றன. அவற்றினூடே ஆளில்லாத வீடுகளும் வருகின்றன. அழகு கூடக்கூட இழப்பும் கூடுகிறது. ஸ்கை தீவின் மேரி மக்பேர்சன் (1821–1898) பாடிய பாடல்கள் நிலப் போராட்டக் கூட்டங்களில் முழங்கின. இருபதாம் நூற்றாண்டில் பொதுவுடைமைச் சார்புள்ள சோர்லி மக்லீன், ராசே தீவில் வெளியேற்றப்பட்ட ஊரொன்றைப் பற்றி 1954இல் வெளியிட்ட ஹாலெக் கவிதையில் மரங்களையே ஊர்ப் பெண்களாக நடக்கவைத்தார். நெய்தல் என்றால் கடலும் மணலும் மட்டுமல்ல, உப்பு விளைப்போரும் மீன் உணக்குவோரும் சேர்ந்ததே நெய்தல் என்று பயின்ற எமக்கு இக்கவிஞரின் பார்வை அந்நியமானதன்று. முதற்பொருளையும் கருப்பொருளையும் பிரித்து, முன்னதை மட்டும் கையிலெடுப்பதே எழில்காண் பயணி செய்தது.

கரையோரத்தார் வாளாவிருக்கவுமில்லை. 1882இல் ஸ்கை தீவின் பிறேஸ் பகுதியிற் குடியானவர் பொலிசாருடன் மோதினர். 1883இல் நியமிக்கப்பட்ட விசாரணை ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நேப்பியர் பிரபு. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராயிருந்தவர். திரவெலியனும் இவரும் ஒரே ஆட்சிப் பள்ளியில் உருவானவரே. எனினும் மலைநாட்டு ஊர்ச் சமுதாயத்தின் கூட்டுரிமையை இவரது அறிக்கை மதித்துப் பேசியது. ஆணைக்குழு தீவுதீவாகச் சென்று கேட்ட சாட்சியங்கள் பல தொகுதிகளாயின. பாங்ஸ் வந்து நூற்றுப் பதினொரு ஆண்டுகளுக்குப் பின்னர் அக்கரையார் பேசியது அச்சிலேறியது. 1886ஆம் ஆண்டுச் சட்டம் குடியிருக்கும் உரிமையையும் நியாயமான குத்தகையையும் அளித்தது. இழந்த நிலத்தை அது மீட்டுத் தரவில்லை. அதே ஆண்டு டைரீயில் பண்ணை நிலமொன்றைக் குடியானவர் கைப்பற்ற, அரசு போர்க்கப்பலிற் கடற்படை வீரரை அனுப்பியது. கரையிறங்கிய வீரரை ஊரார் பகைக்கவில்லையாயினும், தலைமை தாங்கியோர் சிறை சென்றனர்.

1973இல் ஜோன் மக்கிராத்தின் நாடகக் குழு, செம்மறி தொடங்கி வடகடல் எண்ணெய் வரையான இவ்வரலாற்றைப் பாட்டும் நகையும் கலந்த நாடகமாக்கி மலைநாட்டு ஊர் மண்டபங்களில் ஆடிக்காட்டியது. எக் தீவை 1997இல் அதன் குடிகளே விலைகொடுத்து மீட்டனர். உல்வாவை 2018இல் வடமேற்கு மல் சமுதாயக் கம்பனி, பெரும்பாலும் அரச நிதியைக் கொண்டு வாங்கியது. அப்போது அத்தீவில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே வாழ்ந்தனர். ஸ்கொத்லாந்தின் கடைசி வெளிச்சவீட்டுக் காவலர் 1998இல் விலகியபின் விளக்குகள் யாவும் தாமாக எரிகின்றன. ஸ்டாபா 1986இலிருந்து ஸ்கொத்லாந்துத் தேசிய நம்பிக்கை நிதியத்தின் உடைமை. அங்கு செல்லும் படகுகளுட் சில உல்வாத் துறையிலிருந்தே புறப்படுகின்றன. புறப்படும் இடத்தில் எதிர்க்கரையில், கூரையற்ற வீடுகளின் சுவர்கள் புல்லிடையே தெரியும்.